வீட்டில் டிராம்போலின்: வாங்குவதற்கு முன்னாலிருந்து மாவுக்கட்டு பிரிக்கும் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். "அக்கா, பிள்ளைகளுக்கு டிராம்போலின் வாங்கியிருக்கிறோம், எப்படி நிறுத்துவது?" என்று ஒன்று. "அக்கா, விழுந்துவிட்டான், கையை அசைக்க மாட்டேன் என்கிறான்" என்று இன்னொன்று. டிராம்போலின் என்றால், இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய விரிப்பின் மேல் ஏறிக் குதித்து விளையாடும் சாதனம். அந்த விரிப்பைத்தான் மேட் என்கிறேன். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று, இதே ஊரின் ஃபீனிக்ஸ் பகுதியில் நாத்தனார் வீட்டில் ஒன்று என மூன்றை நிறுத்த நின்று உதவியிருக்கிறேன். அடிபட்ட பிள்ளையோடு மருத்துவமனையில் விடிய விடிய உட்கார்ந்தும் இருக்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டியை வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை மாறினால்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது.

1. காசு கொடுப்பதற்கு முன்: யார் குதிக்கப் போகிறார்கள்?

பெட்டியின் மேல் போட்டிருக்கும் விட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் வயதைப் பாருங்கள். ஆறு வயது ஆகாத பிள்ளைக்கு டிராம்போலின் வேண்டாம். அந்த வயதில் எலும்பு இளசு. விழும்போது உடம்பைத் திருப்பிக்கொள்ளவும் தெரியாது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அமைப்பு 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்றுதான் பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள். வாங்காமல் விட்டாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எலும்பு எளிதில் உடையும் நோய் உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் ஏற்றவே கூடாது.

இன்னொரு கேள்வி: பக்கத்தில் நின்று பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? பகலெல்லாம் ஆயா (பாட்டி) மட்டும்தான் வீட்டில் என்றால், அவர் அடுப்பைப் பார்ப்பாரா, தோட்டத்தைப் பார்ப்பாரா? இதற்குப் பதில் கிடைத்த பிறகு கடைக்குப் போங்கள்.

2. இடம்: சமதளம், சுற்றிலும் வெளி, மேலே வானம்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீடுகள் சரிவில்தான் இருக்கின்றன. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் புல்தரையும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நீளமான பலகையை வைத்து, அதன் மேல் மட்டக்கோலை வைத்துப் பாருங்கள். சாய்ந்த டிராம்போலினில் பிள்ளை ஒவ்வொரு குதிக்கும் தாழ்ந்த பக்கமாகவே நகர்ந்து, கடைசியில் ஸ்பிரிங் மேல் போய் இறங்கும்.

சுற்றிலும் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் வெளி வேண்டும். வைப்ரக்ரீட் என்னும் கான்கிரீட் பலகைச் சுவர், துணிக் கொடிக் கம்பம், பிராய் அடுப்பு (வெளியில் இறைச்சி சுடும் அடுப்பு) எதுவும் அந்த இரண்டு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. மேலே ஏழு மீட்டர் உயரத்துக்காவது ஒன்றும் குறுக்கே வரக் கூடாது. மாமரத்து நிழலில் வைக்கலாம் என்று எல்லாருக்கும் ஆசை வரும். கிளை தலையில் இடிக்கும். காய் விழுந்து மேட்டில் உருளும். அதை மிதித்துக் கால் பிசகும்.

கீழே சிமெண்ட் தரையும் கல் பாவிய பேவிங்கும் கூடாது, புல்தரைதான் வேண்டும்.

3. நிறுத்துவது: ஸ்பிரிங் மாட்டும் முறையில்தான் எல்லாரும் தடுக்குகிறார்கள்

ஃபிரேமை இணைத்ததும் ஒரு இடத்தில் தொடங்கி வரிசையாக ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டே போகத் தோன்றும். நாத்தனார் வீட்டில் அப்படித்தான் பாதி வட்டம் மாட்டிவிட்டார்கள். மேட் முழுவதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மிச்சம் இருந்த ஸ்பிரிங்குகள் கொக்கிக்கு எட்டவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

முதல் ஸ்பிரிங்கை மாட்டியதும் இரண்டாவதை அதற்கு நேர் எதிரே மாட்டுங்கள். அப்புறம் இரண்டுக்கும் நடுவில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இப்படி ஒவ்வொரு இடைவெளியையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் இழுவை எல்லாப் பக்கமும் ஒன்றாக ஏறும். கையில் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இழுக்கக் கூடவே வரும் கொக்கிக் கம்பியைப் பயன்படுத்துங்கள். ஸ்பிரிங் நழுவினால் விரலைக் கிழித்துவிடும். பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்கட்டும்.

பிள்ளை வெளியே விழாமல் சுற்றிக் கட்டும் வலை இரண்டு விதம். ஸ்பிரிங்குக்கு வெளியே கம்பத்தில் தொங்குவது ஒன்று. உள்ளே, மேட்டின் ஓரத்தோடு சேர்வது ஒன்று. இரண்டாவதையே வாங்குங்கள். வலை வெளியே இருந்தால், ஓரத்தில் இறங்கும் பிள்ளையின் கால் வலைக்குப் போய்ச் சேருமுன் ஸ்பிரிங்குகளின் இடையில் சிக்கிவிடும். ஸ்பிரிங்கையும் ஃபிரேமையும் மூடும் மெத்தைப் பட்டை சுற்று முழுவதும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கம்பங்களுக்கும் பஞ்சுறை போட வேண்டும்.

கடைசியாகத் தரையோடு பிணையுங்கள். கேப் டவுனில் தென்கிழக்குக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கமும் கோடை இடிமழையோடு வரும் காற்று, வலை கட்டிய டிராம்போலினைப் பாய்மரம் போலத் தூக்கிவிடும். மண்ணில் திருகி இறக்கும் பிணைப்பு ஆணிகளை நாலு பக்கமும் போட்ட பிறகே முதல் பிள்ளையை ஏற்றுங்கள்.

ஏணியை மாட்டாதீர்கள். மாட்டினாலும் ஆட்டம் முடிந்த உடனே எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். சின்னப் பிள்ளை தானாக ஏற முடியாமல் இருப்பதற்கு இதைவிட எளிய பூட்டு இல்லை.

4. ஒருத்தர் இறங்கிய பிறகே அடுத்தவர்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வலையும் பட்டையும் வாங்கியதும் பெற்றோருக்கு மனசு நிம்மதியாகிவிடுகிறது. ஆனால் வலை, வெளியே விழுவதைத்தான் தடுக்கும். அடி பெரும்பாலும் மேட்டின் மேலேயே படுகிறது. நான் சொன்ன அந்த 2012 அறிக்கையின்படி, டிராம்போலின் காயங்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதித்தபோது நடந்தவை. அதிலும் எடை குறைந்த பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு, கூடக் குதிக்கும் கனமானவரைவிடப் பதினான்கு மடங்கு வரை அதிகம்.

காரணம் இதுதான். கனமானவர் இறங்கும்போது மேட் ஆழமாகத் தாழ்ந்து, அதே வேகத்தில் மேலே திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து சின்னவன் கீழே வந்துகொண்டிருந்தால், மேலே ஏறும் மேட்டில் அவன் கால் மோதும். சிமெண்ட் தரையில் விழுந்த மாதிரி எலும்பு அடி வாங்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் பிள்ளை விழவே இல்லை, நின்றபடிதான் இறங்கினான்.

என் தம்பி மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவனுக்கு அப்போது நாலு வயது, என் மகனுக்குப் பதின்மூன்று. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். நான் அடுப்பங்கரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; வலை இருக்கிறதே என்று தைரியம். திடீரென்று அழுதான். பெரியவன் இறக்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. அப்புறம் ரொட்டி சுடும் வாசனைக்கு, புட்டத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அடுப்பங்கரைக்கு வந்தான். எழுந்து நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அதனால் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அப்பா குதிப்பது கூடாது. சித்தப்பா ஏறி "இன்னும் உயரமா அனுப்புறேன் பார்" என்பது கூடாது. "இரண்டு பேரும் ஒரே எடைதானே" என்பதும் செல்லாது. தலையும் தலையும் மோதும், முழங்கால் பல்லில் படும். பெட்டியில் எழுதியிருக்கும் எடை அளவு ஃபிரேம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. இத்தனை பிள்ளைகள் ஏறலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நடைமுறையில் இதைக் காப்பாற்ற சமையலறை டைமர் போதும். ஆளுக்கு மூன்று நிமிஷம். மணி அடித்தால் இறங்க வேண்டும். காத்திருக்கும் பிள்ளைகளுக்கு எண்ணும் வேலை கொடுங்கள்: எத்தனை குதி என்று தமிழில் எண்ணட்டும். சண்டை பாதியாகக் குறைந்துவிடும்.

5. முதல் பாடம் நிற்பது

பிள்ளை ஏறியதும் உயரமாகக் குதிக்கத்தான் பார்க்கும். அதற்கு முன் நிற்கக் கற்றுக்கொடுங்கள். மெதுவாக நாலு குதி குதிக்கச் சொல்லி, "நில்!" என்றதும் முழங்காலை மடக்கி, கையை முன்னால் நீட்டி, மேட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். முழங்கால் மடங்கினால் மேட்டின் வேகத்தைத் தொடை வாங்கிக்கொள்ளும், துள்ளல் அந்த இடத்திலேயே அடங்கும். இது கைவந்த பிறகுதான் உயரம்.

நடுவில் போட்டிருக்கும் குறியை விட்டு விலகினால் உடனே நிற்க வேண்டும். இறங்கும்போது ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு வழுக்கி இறங்க வேண்டும். மேட்டிலிருந்து நேரே புல்லுக்குத் தாவினால் கணுக்கால் போகும்.

குட்டிக்கரணம் வீட்டில் கிடையாது, முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. கழுத்தெலும்பில் அடிபடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆசை இருக்கும் பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். அங்கே படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள்.

உடை: கொலுசு, வளையல், தொங்கும் தோடு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றிவிட வேண்டும். தோடு வலையில் மாட்டிக் காது மடல் கிழியும். பாவாடையோடு ஏற்றாதீர்கள். வெறுங்கால் நல்லது, சாதாரணக் காலுறை வழுக்கும். ஆனால் இங்கே கோடையான ஜனவரி மத்தியானத்தில் கறுப்பு மேட் தோசைக்கல் மாதிரி காயும். உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாததைப் பிள்ளையின் பாதமும் தாங்காது. வாயில் சூயிங்கம், சாக்லேட் எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

6. பார்ப்பது என்றால் என்ன

அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. காயங்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை, பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்திருக்கின்றன. நான் ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பார்ப்பவர் வலை வாசலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கையில் போன் இருக்கக் கூடாது. இரண்டாவது பிள்ளை ஏறினால் அந்த நிமிஷமே ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், "விடுங்க ஆன்ட்டி, பசங்கதானே" என்று யாரும் குறுக்கே வரக் கூடாது. பிராய் நடக்கும் நாளில் இது இன்னும் முக்கியம். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து பெரியம்மா பிள்ளைகள் வந்திருப்பார்கள், பத்துப் பிள்ளைகள் இருக்கும், பெரியவர்கள் எல்லாரும் அடுப்பைச் சுற்றி முதுகு காட்டி நிற்பார்கள். குடித்திருப்பவர் பார்ப்பவராக இருக்க முடியாது. முறை போட்டு நிற்க ஆள் இல்லை என்றால் வலை வாசலைக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

டிராம்போலினுக்கு அடியில் பிள்ளையோ நாயோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பாருங்கள். பந்து உருண்டு போனால் எடுக்க ஒரு வாண்டு நிச்சயம் உள்ளே போகும்.

7. விழுந்தால் முதல் நிமிஷம்: தூக்காதீர்கள்

அலறல் கேட்டதும் ஓடிப்போய் வாரி எடுக்கத்தான் கை போகும். கையைக் கட்டுப்படுத்துங்கள். முதலில் கேட்க வேண்டியது கழுத்தைப் பற்றி.

பிள்ளை தலைகீழாகவோ கழுத்தின் மேலோ விழுந்திருந்தால், கழுத்து வலிக்கிறது என்றால், கை கால் மரத்துப்போச்சு என்றால், அசைக்க முடியவில்லை என்றால், நினைவு தப்பியிருந்தால், அந்த இடத்திலேயே விடுங்கள். மேட்டின் மேல் கிடந்தால் வேறு யாரும் ஏறக் கூடாது. ஒரு பெரியவர் ஏறினாலே மேட் ஆடும், கழுத்தும் சேர்ந்து ஆடும். பக்கத்தில் போயே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒருவர் வயிற்றால் ஊர்ந்து மெதுவாகப் போய், தலையின் இரு பக்கமும் கை வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையணை வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர் போன் செய்யட்டும்: அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து அவசர எண் 112. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவர்கள் அவர்கள் திட்டத்தில் சேர்ந்த ஆம்புலன்ஸ் எண்ணை இன்றைக்கே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். வீட்டு முகவரியையும், பக்கத்தில் அடையாளமாக இருக்கும் கோயிலோ பள்ளியோ அதன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பதட்டத்தில் சொந்தத் தெருப் பெயரே வாயில் வராது.

மூச்சு இல்லை என்றால் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாவது. மேட் அமுங்கும், அதன் மேல் மார்பை அழுத்தினால் பலன் இல்லை. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து கெட்டியான தரைக்கு மாற்றி முதலுதவியைத் தொடங்க வேண்டும். வாந்தி எடுத்தால் அதே மாதிரி சேர்ந்து, உடம்பை ஒரு மரத்துண்டு போல ஒன்றாகப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

8. கை, கால்: நீவி விடாதீர்கள்

கழுத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு கை கால். நம் வீடுகளில் உடனே நல்லெண்ணெய்க் கிண்ணம் வரும். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி நீவுவார்கள், இழுப்பார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் உடைந்த எலும்பு நகர்ந்தால் பக்கத்து நரம்பையும் ரத்தக் குழாயையும் குத்தும். எக்ஸ்ரே எடுக்கும் வரை எண்ணெயை மூடி வையுங்கள்.

கையை ஊன்றி விழுந்த பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே உடைவது சாதாரணமாக நடப்பது. முழங்கை வீங்கும், நீட்ட விடமாட்டான். நீட்டாதீர்கள். இருக்கும் நிலையிலேயே துப்பட்டாவையோ துண்டையோ கழுத்தில் கட்டித் தாங்கலாம். பிறகு விரல்களைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாகவும் சூடாகவும் இருக்க வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் போட முடியவில்லை, விரல் வெளுத்திருக்கிறது, சில்லென்று இருக்கிறது, மரத்திருக்கிறது என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவு.

காலாக இருந்தால், இரண்டு பக்கமும் மடித்த அட்டைப் பெட்டித் துண்டு வைத்து, மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கலாம், நேராகத் தோலில் படக் கூடாது. எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள்.

சாப்பிடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். "பாவம், அழுது களைத்திருக்கிறான்" என்று பால் கொடுத்தால், சிகிச்சை மணிக்கணக்கில் தள்ளிப் போகலாம். கிளம்பும்போது பிள்ளையின் தடுப்பூசி விவரம் எழுதியிருக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காயம் திறந்திருந்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

இப்போது மறைந்திருக்கும் முறிவு. தம்பி மகனுக்கு வீக்கம் இல்லை, ரத்தக்கட்டு இல்லை, தொட்டால் பெரிதாக அழவும் இல்லை. பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்தோம். மூன்றாவது நாள்தான் எக்ஸ்ரேக்குப் போனோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்னெலும்பின் மேல்முனையில் முடி மாதிரி ஒரு கோடு. இரண்டிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு டிராம்போலினில் இப்படி உடைவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சில சமயம் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் மருத்துவரிடம், "டிராம்போலினில் பெரிய பையனோடு குதித்தான், அதற்கப்புறம் காலை ஊன்றவே இல்லை" என்று முழுசாகச் சொல்லுங்கள். வெறுமனே "விழுந்துட்டான்" என்றால் அவர் கணுக்காலைத்தான் முதலில் பார்ப்பார்.

சின்னப் பிள்ளை நடக்க மறுத்தால் அதுவே அறிகுறி. வீக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

9. தலையில் அடி: அந்த இரவு

நினைவு தப்பியது, ஒரு தடவைக்கு மேல் வாந்தி, போகப் போகக் கூடும் தலைவலி, எழுப்பக் கஷ்டமான மயக்கம், குழறிய பேச்சு, தள்ளாடும் நடை, வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் இருப்பது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளையைத் தூங்க விடலாம். தூங்கவே விடக் கூடாது என்று ஆயாக்கள் சொல்வார்கள், அது தேவையில்லை. இரவில் ஓரிரு தடவை போய்த் தொட்டுப் பாருங்கள், வழக்கம்போல முனகித் திரும்பிப் படுக்கிறானா என்று. இரண்டு நாள் கவனமாகப் பாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

10. மாவுக்கட்டோடு வீட்டில், அப்புறம் திரும்பக் குதிப்பது

முதல் இரண்டு நாள் கட்டுப் போட்ட கை அல்லது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களை அடிக்கடி அசைக்கச் சொல்லுங்கள். மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரல் நீலமானால், மரத்தால், அதே இரவில் திரும்பிப் போக வேண்டும். கட்டுக்குள் வீக்கம் நெரிக்கிறது என்று அர்த்தம்.

டர்பன் வெயிலில் கட்டுக்குள் அரிக்கும். அளவுகோல், ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள், கீறல் புண்ணாகிவிடும். ஹேர்டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதலாம். தம்பி மகன் அந்தக் காற்றுக்காகவே அரிக்கிறது, அரிக்கிறது என்று கூப்பிடுவான்.

கட்டுப் பிரித்த அன்றைக்கே எலும்பு பழைய பலத்துக்கு வந்துவிடாது. எப்போது குதிக்கலாம் என்று மருத்துவரையே கேளுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கும் அப்படித்தான்.

11. பராமரிப்பு, கடைசியாகக் கழிப்பது

கடல் காற்றில் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். கொக்கி முனையில் பழுப்பு ஏறியிருந்தால், ஒரு ஸ்பிரிங் மற்றதைவிட நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். வலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெயிலில் செத்த நூல் விரலில் பொடியாக ஒட்டும், அந்த வலை ஒரு பிள்ளையைத் தாங்காது. மேட்டின் ஓரத் தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். ஃபிரேம் இணைப்புகளில் துரு உரிந்தால் டிராம்போலின் முடிந்தது.

அதை அப்படியே ரோட்டோரம் வைக்காதீர்கள், யாராவது எடுத்துப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்கு நிறுத்திவிடுவார்கள். முதலில் ஸ்பிரிங்குகளை, மாட்டியது போலவே எதிரெதிராகக் கழற்றுங்கள். பிறகு மேட்டை நடுவில் கத்தியால் நீளமாக இரண்டு கிழி கிழித்துவிட்டு, இரும்பைப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள்.